பெரிய பைலில் என் வரி

நான் எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டனான். போன் திருத்துகிற கடையில் கொஞ்சக் காலம். அங்கிருந்து இந்த வேலைக்கு வந்தேன். கரையில் மீன் நிறுத்து வாங்குகிற வாடிகளில் இருக்கிற டிஜிட்டல் தராசுகளுக்குப் புரோகிராம் எழுதுகிற சின்னக் கந்தோர். துறைமுகத்துக்குக் கிட்ட, மேல்மாடி. முதலாளியோடு நாலு பேர்.

ஒரு புரோகிராமுக்கு நூற்றுக்கணக்கான பைல் வரும். எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல இன்னொரு பைல் வேண்டும். அதை பில்ட் பைல் என்போம். மிகப் பெரிசு. ஒருவரும் கையால் எழுதுவதில்லை. நாங்கள் சின்னதாக ஒரு பட்டியல் எழுதுவோம். ஜெனரேட்டர் அதை வாசித்துப் பெரிய பைலை ஒவ்வொரு தரமும் புதிதாக உண்டாக்கித் தரும்.

எல்லாம் ரெப்போவில் போகும். ரெப்போ என்றால் எல்லாருடைய வேலையும் சேருகிற இடம். ஆர் எந்த வரியை எப்போது மாற்றியது என்று அது மறக்காது.

பட்டியலோடு பெரிய பைலையும் அதில் போட்டு வந்தோம். தொடக்கத்தில் முதலாளியின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஜெனரேட்டர் இருந்தது. மற்றவர்களுக்கு ஆயத்தமாகக் கிடைக்கட்டும் என்று செய்தது. பிறகு எல்லாரிடமும் ஜெனரேட்டர் வந்தது. பழக்கம் மட்டும் மாறவில்லை.

உப்புவெளியில் ஒரு வாடியில் பழைய தராசு. பெட்டியில் ஐஸ் உருகித் தண்ணி வடிய வடிய எண் ஆடும். அதை நிறுத்த நான் ஒரு பைல் எழுதினேன். பட்டியலில் சேர்க்க வேண்டியதை நேரே பெரிய பைலில் ஒரு வரியாகச் செருகினேன். அந்தப் பைலின் தலையில் கையால் தொடாதே என்று இங்கிலீசில் இருக்கும். மூன்று வருஷமாக அதைப் பார்க்கிறவன் நான். வேலை செய்தது. விட்டுவிட்டேன். பிறகு நெடுநாள் பட்டியலில் சேர்க்கப் புதுப் பைல் வரவில்லை, ஜெனரேட்டரை ஒருவரும் ஓட்டவும் இல்லை.

அடுத்த வருஷம் கப்பல்துறையில் இருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தா. இரண்டு பிள்ளைகள். இதுக்கு முதல் கொழும்பில் வேலை. பிள்ளைகள் அவவின் அக்காவோடு இருந்ததுகள், மாதம் ஒருக்கா வந்து பார்த்துப் போவா. ஆறு மாதம் பார்த்துத்தான் நிரந்தரக் கடிதம் என்று சொல்லி முதலாளி எடுத்தவர். கடிதம் இல்லை என்றால் திரும்பவும் கொழும்பு.

ஆறாம் மாதத்தின் கடைசிக் கிழமை. அவ ஒரு புதுப் பைல் எழுதி, முறையாகப் பட்டியலில் சேர்த்து, ஜெனரேட்டரை ஓட்டி ரெப்போவில் போட்டா. அவவின் ஜெனரேட்டர் எங்களுடையதை விடப் புதிசு. பெரிய பைல் முழுக்க ஒழுங்கு மாறி வந்தது. போன வரி சிவப்பு, வந்த வரி பச்சை என்று ரெப்போ பக்கம் பக்கமாகக் காட்டியது. அதை ஒருவரும் வாசிக்கவில்லை. பட்டியலில் இல்லாத என் வரி அதோடு போய்விட்டது. என் பைல் இல்லாவிட்டாலும் புரோகிராம் பிழை காட்டாது. எண் ஆடும், அவ்வளவுதான்.

புதுப் புரோகிராம் அன்றே உப்புவெளி வாடிக்குப் போனது. அடுத்த நாள் அங்கிருந்து போன்.

"தம்பி, உங்கட தராசு ஒரு இடத்தில நிக்குதில்லை. பன்னிரண்டு எண்டுது, பதின்மூண்டு எண்டுது. இஞ்ச சனம் அடிபடப் போகுது."

"மீன் இன்னும் சாகேல்லப் போல" என்றான் எங்கள் கந்தோரில் தராசின் ஸ்கிரீன் வேலை பார்க்கிறவன். அவன் மட்டும் சிரித்தான்.

முதலாளி ரெப்போவைத் திறந்தார்.

"தங்கச்சி, நீங்கள்தானே கடைசியாப் போட்டது?"

"ஓம் சேர். ஆனா நான் தராசுப் பக்கம் தொடேல்ல. பட்டியல்ல ஒரு வரி சேர்த்தனான். மிச்சம் ஜெனரேட்டர் செய்தது."

"அப்ப ஜெனரேட்டருக்கோ நான் கடிதம் குடுக்கிறது?"

முதலாளி பழைய புரோகிராமை வாடிக்கு அனுப்பினார். எண் நின்றது. அதுவே அவவுக்கு எதிரான சாட்சியாகப் போனது. "கடிதம் இப்ப ஏலாது. பேந்து பாப்பம்" என்றார்.

நான் பழைய பெரிய பைலையும் புதிசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒழுங்கு மாறிக் கிடந்ததால் அரை நாள் பிடித்தது. காணாமல் போன வரியைக் கண்டேன். ஆர் போட்டது என்று ரெப்போவிடம் கேட்டேன். என் பெயரைக் காட்டியது.

வேறு ஒருவரும் தேடவில்லை. இனித் தேடப் போவதும் இல்லை. கீழே போய் ஒரு பிளேன்டீ குடித்தேன். எட்டாம் ஆண்டுக்காரனை இன்னொரு கந்தோர் எடுக்காது. அதையும் யோசித்தேன். டீ முடிந்தது. மேலே ஏறினேன்.

"பிழை என்ர. அவவின்ர இல்லை" என்று முதலாளிக்கு வரியைக் காட்டினேன்.

முதலாளி குனிந்து பார்த்தார். "அண்ணை, பைலின்ர தலையில என்ன எழுதியிருக்கு?"

"தொடாதே எண்டு."

"வாசிக்கத் தெரியாதோ?"

"தெரியும்."

"அண்ணைக்கு வாசிக்கத் தெரியும். சொல்லுக் கேக்கத்தான் தெரியாது" என்றான் ஸ்கிரீன்காரன்.

முதலாளி அவவின் பக்கம் திரும்பினார். இனி இப்படி வராமல் என்ன செய்யலாம் என்று கேட்டார். அவவிடம் பதில் ஆயத்தமாக இருந்தது.

"பெரிய பைலை ரெப்போவில இருந்து எடுத்துவிடுவம் சேர். பட்டியல் மட்டும் போதும். ஆக்கள் ரெப்போவில இருந்து வேலையை எடுக்கேக்க ஜெனரேட்டர் தானா ஓடட்டும். எல்லாருக்கும் ஒரே ஜெனரேட்டர். எந்த வெர்ஷன் எண்டதையும் ரெப்போவிலயே எழுதி வைப்பம்."

"அப்ப பெரிய பைல்?"

"அவரவர் கம்ப்யூட்டரில கிடக்கும். ரெப்போ அதைக் கண்டாலும் காணாத மாதிரி இருக்கும்."

இரண்டு நாளில் செய்து முடித்தா. என் பைலைப் பட்டியலில் சேர்த்ததும் அவதான். புதுப் புரோகிராம் வாடிக்குப் போனது. போன் வரவில்லை. என் வேலை இனி நேரே ரெப்போவுக்குப் போகாது, அவ வாசித்து விட்டால்தான் போகும் என்று முதலாளி சொன்னார். சரி என்றேன்.

அன்று பின்னேரம் படியில் அவ கேட்டா: "அண்ணை, நீங்கள் சொல்லாம விட்டிருந்தா?"

"சொன்னனான்தானே."

அவ படியிறங்கிப் போனா. அரை நாள் அவவைப் பிழைகாரியாக வைத்திருந்தது என் வரி.

வெள்ளிக்கிழமை முதலாளி அவவுக்கு நிரந்தரக் கடிதம் கொடுத்தார். அவ நின்றபடியே இரண்டு தரம் வாசித்தா. பிறகு யன்னல் பக்கம் போய் வீட்டுக்குப் போன் எடுத்தா. மூத்த பிள்ளை எடுத்திருக்க வேண்டும்.

"ஓம் பிள்ளை, அம்மா இஞ்சதான். இல்லை, கொழும்புக்கு இல்லை. சாப்பிட்டியளோ?"