யோகா அக்கா ஐஸில் விழவில்லை

யோகா அக்கா போய்விட்டார் என்று நாதன் அண்ணை தொலைபேசியில் சொன்னபோது, நான் காலைக் குளிசையை வாயில் போட்டிருந்தேன். தண்ணீர்க் கோப்பை கையில் இருந்தது. "காய்ச்சலும் ஓயாத சத்தியும், குடிச்ச தண்ணியும் வயித்திலை நிக்கேல்லை. ஊசியும் போட்டனான் தம்பி, அம்புலன்சும் வந்தது. அவவின்ரை உடம்பு தாங்கேல்லை" என்றார். குளிசை நாக்கிலேயே கரைந்து கசந்தது. அதை விழுங்கிவிட்டுத்தான் அழுதேன். விழுங்காமல் அழுதிருந்தால் அக்கா ஏசியிருப்பார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நாதன் அண்ணை கேட்டார். மனைவியை இழந்த மனிதர் கேட்கும்போது மறுக்க முடியுமா? பிறம்ரன் கிடங்கில் எங்களோடு பெட்டி அடுக்கியவர்களும் ஸ்ரௌவ்வில் ஊர் வீட்டில் அக்காவின் இடியப்பம் சாப்பிட்டவர்களும் இதை வாசிப்பீர்கள். அவருடைய இடது கை உங்கள் எல்லோருக்கும் தெரியும். முழங்கைக்குக் கீழே சற்று வளைந்திருக்கும். ஐஸில் வழுக்கி விழுந்து முறிந்த கை என்றுதான் உங்களுக்குச் சொல்லப்பட்டது. அது பொய். எனக்காக அக்கா சொன்ன பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கை முறிந்த வருடம் நான் இருந்த கோலத்தைச் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். நாலு பேரின் சாப்பாட்டைத் தனியே சாப்பிட்டேன், ஆனாலும் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பனி கொட்டும் நாளிலும் ரீசேட்டோடு நின்று வேர்த்தேன். என் வரிசையில் ஒருவன் பெட்டியை மாற்றி வைத்தான் என்பதற்காக, பெட்டிகளுக்கு ரேப் ஒட்டும் கனத்த கைக்கருவியை அவன் முகத்தில் எறிந்தேன். அவனுக்குப் புருவம் பிளந்தது. அதோடும் நிற்காமல் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் இரண்டு தரம் மோதினேன். மூன்று பேர் சேர்ந்து என்னை இழுத்தார்கள். "காலமையே வெறியிலை நிக்கிறான்" என்று யாரோ சொன்னது கேட்டது.

எல்லோரும் விலகி நிற்க, அக்கா கிட்ட வந்து என் தொண்டையில் இரண்டு விரலை வைத்தார். "விழுங்கும் பாப்பம்" என்றார். விழுங்கினேன். "இவன் குடிக்கேல்லை. இது தைரொயிட். ஹோர்மோன் டொக்டரின்ரை வெயிற்றிங் றூமிலை இருந்து இருந்து, இப்பிடி எத்தினை கழுத்தைப் பாத்திட்டன்."

அக்காவுக்கு இருந்தது வேறு வருத்தம். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அவருக்கு வேலை செய்வதில்லை. உயிரைப் பிடித்து வைக்கும் ஹோர்மோனை அவர் தினமும் குளிசையாகத்தான் விழுங்கினார். ஆபத்துக்கு என்று கைப்பையில் எப்போதும் ஓர் ஊசி இருக்கும். அதை எப்படிக் கலந்து எப்படிக் குத்துவது என்று சாப்பாட்டு இடைவேளையில் ஒரு தோடம்பழத்தின் தடித்த தோலில் குத்தவைத்து எனக்குப் பழக்கினார். "எனக்கு ஒண்டும் சுரக்கிறேல்லை, உமக்கு அளவில்லாமல் சுரக்குது. நல்ல சோடி" என்று சிரிப்பார்.

இரத்தப் பரிசோதனை அவர் சொன்னதையே சொன்னது. குளிசை தந்தார்கள். கோடை முடிவதற்குள் மனிதனானேன். பிறகு கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடிக்கும் விரதத்தில் குளிசை மட்டும் எப்படி வயிற்றுக்குள் போகலாம் என்று நிறுத்தினேன். ஏழாம் நாள் பாறணைச் சோறு சாப்பிடும்போது உடம்பு இலேசாக இருந்தது. முருகன் சுகமாக்கிவிட்டார் என்று முடிவுகட்டி, குளிசைப் போத்தலைக் குப்பையில் போட்டேன். இந்த மூளை எங்கள் ஆட்களுக்குத்தான் வரும்.

ஒரு மாதம் கழித்து நான் எங்கள் குளியலறைக் கதவைக் காலால் உதைத்து உடைத்தேன். கதவுக்குப் பின்னால் என் மனைவி சுபா, கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு தொட்டிக்குள் குந்தியிருந்தாள். கதவின் ஒரு சிராய் அவள் நெற்றியைக் கீறியது. விடிந்ததும் பிள்ளையோடு யூனியன்வில்லில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் வேலை முடிந்ததும், அவளை இழுத்துக்கொண்டு வருவதற்காகக் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். பகல் முழுக்க நான் கத்தியதைக் கேட்டிருந்த யோகா அக்கா பின்னால் வந்தார்.

"குளிசை போட்டனீரோ?"

"முருகன் இருக்கிறார், எனக்குக் குளிசை வேண்டாம்."

என் கையில் இருந்த கார்த் திறப்பைப் பறித்துத் தன் ஜக்கெற்றுக்குள் போட்டார். "இந்தக் கோலத்திலை அந்தப் பிள்ளையிட்டைப் போக விடமாட்டன்."

இரண்டு கையாலும் அவரைத் தள்ளினேன். நிறுத்துமிடத்தின் சீமெந்து விளிம்பில் கை மடங்கி விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. நிலம் காய்ந்துதான் இருந்தது, ஐஸ் ஒரு பொட்டும் இல்லை. இன்னொன்றையும் எழுதித்தான் ஆகவேண்டும். அந்தக் கணத்தில் எனக்கு அவரை இன்னொரு தரம் தள்ளவேண்டும் போல இருந்தது.

எங்களுக்கு எலும்பு முறிந்தால் அட்ரினல் சுரப்பி தானாகவே ஹோர்மோனைச் சுரந்து உடம்பைத் தாங்கும். அக்காவுக்குத் தாங்க எதுவும் இல்லை. முகம் சாம்பல் நிறமாகி, வேர்த்துக் கொட்டியது. "பையுக்கை ஊசி" என்றார். மருந்தைக் கலந்து, காற்சட்டைக்கு மேலாகவே தொடையில் குத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. அம்புலன்சில் வந்தவர்களிடம் அவர் சொன்ன முதல் சொல் "ஐஸ்".

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று அழுதேன். "அக்கா, அது நானில்லை, அந்தச் சுரப்பி..."

"வாயை மூடும். சுரப்பி உம்மை உலுப்பும், வேர்க்க வைக்கும், நித்திரையைக் கெடுக்கும். என்ரை கையை முறிச்சது நீர். குளிசையை எறிஞ்சதும் நீர்தான்."

"அப்ப ஏன் ஐஸ் எண்டு சொன்னனீங்கள்?"

"பொலிசுக்குப் போனால் உமக்குக் கேஸ்தான் வரும். இப்ப உமக்கு டொக்டர் வேணும். சுபாவுக்கு மட்டும் நீரே போய்ச் சொல்லும். மற்ற ஆக்களுக்கு, நான் இருக்குமட்டும் ஐஸ். நான் போனபிறகு நீர் சொல்லவேணும். சொல்லாட்டி, குளிசையை எறிஞ்ச மாதிரி இதையும் எறிஞ்சிடுவீர்."

சுபாவிடம் சொன்னேன். கதவைத் திறக்காமலே கேட்டாள். அவள் திரும்பி வர ஒரு வருடம் எடுத்தது. அவ்வளவு காலமும் அக்கா ஒவ்வொரு காலையும், முறிந்த கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த நாட்களிலும்கூட, வேலைக்குள் நுழைந்ததும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

இவ்வளவையும் எழுதி நேற்று நாதன் அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சமையலறை மேசையில் இருந்து இரண்டு தரம் வாசித்தார். எழும்பி வந்து என் கன்னத்தைப் பொத்தி அறைந்தார். உதடு வெடித்து இரத்தம் வந்தது. மறுபடியும் கையை ஓங்கினார். பிறகு ஓங்கிய கையை இறக்கினார்.

"ஒண்டு காணும்" என்றார். "இதையும் எழுதும். சுரப்பியெல்லாம் ஒழுங்காய் இருக்கிற மனுசன்தான் அடிச்சவன் எண்டு எழுதும். ஒரு சொல்லும் வெட்டாமல் அச்சுக்குக் குடும்."

எழுதிவிட்டேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் காலைக் கேள்விதான். கேட்க இனி ஆள் இல்லாததால் நானே கேட்டு நானே பதில் சொல்கிறேன். ஓம் அக்கா, குளிசை போட்டிட்டன். உங்கடை கையை முறிச்சது நான்தான்.