லோசிவாலே இழுத்த மணிக்கயிறு

லோசிவாலேக்கு நாற்பத்தாறு வயது. உபோலுத் தீவின் தென்கரையில், எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில், தாழ்ந்த குரலுக்கு அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் மூன்று வருடமாக அவள் ஊர் எல்லையைத் தாண்டிப் பாடவில்லை. கேட்டால் முட்டிவலி என்பாள். முட்டி பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. குற்றவாளி நீர்க்கடுப்பு.

மாத்திரை போட்டால் ஓடிவிடும். இரண்டு மாதம் கழித்து, விருந்துக்கு வந்த மச்சான்போல உரிமையோடு திரும்பி வரும். எரிச்சல், அடிவயிற்றில் குடைச்சல், நிமிடத்துக்கொரு ஓட்டம். ஜெபத்தில் கதவோரம்தான் உட்காருவாள். கணவன் யாகோபோ பக்கத்தில் வந்தாலே, "தலவலி, சும்மா கெட" என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை.

"நெறையத் தண்ணி குடி அக்கா, வந்தா அடக்காத" என்று நர்ஸ் அபெரிலா சொல்லிச் சொல்லி அவள் தொண்டைதான் வறண்டது. லோசிவாலேயோ வெளியே கிளம்பும் நாளில் ஒரு மடக்குகூடக் குடிக்கமாட்டாள். உள்ளே போகாவிட்டால் வெளியே வராதாம். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாளோ!

"தலைக்கனம்" என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இந்த வருடம் தலைநகர் ஆப்பியாவில் பாட்டுப் போட்டி. "இந்தத் தடவையும் நீ வரலேன்னா உன் எடத்துல பெப்பேவ நிறுத்திடுவேன், அதோட சரி" என்று குழுவை நடத்தும் பாஸ்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். பெப்பே பாடினால் பன்றிகள்கூட எழுந்து போகும். லோசிவாலே வறண்ட நாக்கோடு வண்டி ஏறினாள்.

இருக்கை நிறைந்தால் ஒருத்தி மடியில் இன்னொருத்தி உட்காருவது எங்கள் பேருந்து வழக்கம். லோசிவாலே மடிக்கு வாய்த்தவள் பெப்பே. எங்கள் மொழியில் பெப்பே என்றால் வண்ணத்துப்பூச்சி. இது நூற்றிருபது கிலோ வண்ணத்துப்பூச்சி. மலைப்பாதையின் ஒவ்வொரு குழிக்கும் எழும்பி, சரியாக அதே இடத்தில் வந்து இறங்கியது.

நாலாவது குழியில் லோசிவாலே எட்டி மணிக்கயிற்றை இழுத்தாள். வண்டி நின்றது. பெண்கள் பாடிக்கொண்டு வந்த பாட்டும் நின்றது.

"என்னக்கா, முட்டியா?" என்றாள் பெப்பே.

"முட்டியுமில்ல, மண்ணுமில்ல! நீர்க்கடுப்பு! மூணு வருஷமா நீர்க்கடுப்பு! எந்திரிடீ, இல்லன்னா ரெண்டு பேரோட வெள்ளப் பாவாடையும் போச்சு!"

முப்பது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். மானம் கப்பலேறிவிட்டது என்று லோசிவாலேக்கு அழுகையே வந்துவிட்டது.

முன்னிருக்கையிலிருந்து பாஸ்டரம்மா எழுந்தாள். "வழி விடுங்க. அவ மொதல்ல. அடுத்தது நான்." பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி, "எனக்குப் பதினோரு வருஷம்" என்றாள்.

சாலையோர வீட்டுக்காரி கதவைத் திறந்து விட்டாள். பின்கட்டுக் கழிப்பறைக்குப் பத்தொன்பது பேர் வரிசை! "ஒன் முட்டி தேவல. நான் வரமுடியாதுன்னு சொல்ல எங்க அத்தைய ரெண்டு வாட்டி சாகடிச்சிருக்கேன்" என்றாள் ஒருத்தி. சிரித்த சிரிப்பில் வரிசைக்கு இன்னும் அவசரமாகிவிட்டது.

போட்டியில் கடைசியாகத்தான் பாட முடிந்தது. மூன்றாம் பரிசு. லோசிவாலேயின் குரல் பின்வரிசைவரை கேட்டது.

திரும்பும்போது பெப்பே தயங்கி நின்றாள். "நான் நிக்கிறேன்க்கா, பரவால்ல."

"ஏன் நிக்கணும்? உக்காரு. இப்ப ஒன் மடியக் குடு."

பெப்பேயின் மடியில், மணிக்கயிறு கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, லோசிவாலே ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் கடகடவென்று குடித்து முடித்தாள்.