இன்னும் என்ற சொல்லுக்குப் பிறகு

ராசாத்தி அடுப்பிலிருந்து எரிகிற விறகை வெளியே இழுத்து மண்ணில் தேய்த்து அணைத்தாள். பாய்லரின் சீறல் குறைந்து நின்றது.

“வியாபாரத்தையே அணைச்சுப்புட்டியே சாமி” என்றார் டீக்கடை லூர்துராஜ்.

“ஒரு பாட்டு நேரந்தானுங்க. முடிஞ்சதும் நானே பத்த வெச்சுத் தர்றனுங்க.”

“அதுக்குள்ள எவனாச்சும் டீ கேட்டா?”

“தண்ணி குடிக்கச் சொல்லுங்க.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராசாத்தி சிரிக்கவில்லை.

“சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சுக்குங்க. பாட்டு வந்தா ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது.”

“எனக்கு இருமல் வந்தா?” என்று கேட்டார் பெருமாள். ஊரில் எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்வி அவருடையதுதான்.

“துண்ட வாயில வெச்சுக்குங்க மாமா.”

கோழிகளைக் காப்பித் தோட்டத்துக்குள் விரட்டியாகிவிட்டது. கடை நாயைப் பள்ளத்து வீட்டில் கொண்டுபோய்க் கட்டியாகிவிட்டது. கடை ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டிருந்தாள். ரேடியோவிலிருந்து கிளம்பிய செம்புக் கம்பி கூரை வழியாகச் சாலையைக் கடந்து எதிரே சில்வர் ஓக் மரத்தின் உச்சிக்குப் போனது. காலையில் அதை அவிழ்த்து இன்னும் உயரமான கிளையில் கட்டியவள் அவள்தான். எஸ்டேட்டில் மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறிப் பழகியவள்.

சந்தை நாள். செம்மநத்தத்தில் பாதிப் பேர் ஏற்காட்டுக்குப் போயிருந்தார்கள். சந்தை பஸ் திரும்பி வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவள் புருஷன் சின்னனும் அந்த பஸ்ஸில்தான் வருவான். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அவனைச் சந்தைக்கு அனுப்பியிருந்தாள். நல்ல மனுஷன். ஆனால் அவனால் சும்மா இருக்க முடியாது.

அந்தப் பாட்டை அவள் முதலில் கேட்டது தன் கல்யாணத்தில். ஏற்காடு பஜாரிலிருந்து தேவசிகாமணி மைக் செட்டுக் கொண்டு வந்து பலா மரத்தில் குழாய் கட்டியிருந்தார். பக்திப் பாட்டு முடிந்து சினிமாப் பாட்டுக்கு வந்தபோது ஒரு சின்ன ரெக்கார்டை வைத்தார். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. ஒரு பெண் பாடினாள். இரண்டு சரணம் முடிந்து கடைசி வரியைத் தொடங்கி, ‘இன்னும்’ என்றாள். அங்கேயே ஊசி நின்றுவிட்டது. இன்னும், இன்னும், இன்னும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது. தேவசிகாமணி சாப்பிட உட்கார்ந்திருந்தார். எச்சில் கையோடு ஓடிவந்து ஊசியை எடுக்கும்வரை பந்தல் முழுவதும் கை தட்டியது.

ஆம்ப்ளிஃபயருக்குப் பற்ற வைக்கும்போது ஒரு சொட்டு ஈயம் அந்த ரெக்கார்டின்மேல் விழுந்திருந்தது. லேபிளை ஒட்டி, உள்பக்கம். ஊசி அந்தப் பொட்டில் முட்டி, வந்த கோட்டுக்கே திரும்பும். அதற்குப் பிறகு வரவேண்டிய பாட்டு ஈயத்துக்கு அடியில் உருகிப் போயிருந்தது.

மலையில் இருந்தது அந்த ஒரு ரெக்கார்டுதான். படம் சேலத்தில் ஒரு வாரம் ஓடியதோ என்னவோ, யாரும் பார்த்ததில்லை. ஆகவே ஊசி நிற்கிற இடம்தான் பாட்டின் முடிவு என்று ஆயிற்று. கல்யாணம், சீர், சேர்வராயன் கோயில் திருவிழா, எங்கே அந்தப் பாட்டு வந்தாலும் கூட்டம் ‘இன்னும்’ வரக் காத்திருக்கும். மூன்று முறை சேர்ந்து கத்தும், மூன்று முறை கை தட்டும். பந்தியில் இருப்பவர்கள் “இன்னும் வடை” என்பார்கள். மைக் செட்டே இல்லாமல் களை எடுக்கும்போது பெண்கள் பாடினாலும் அப்படித்தான். மூன்று தட்டு தட்டிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்ப்பார்கள். பாட்டு பாதியில் நிற்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

ராசாத்திக்குத் தோன்றியது. மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தபோதே தோன்றியது. கல்யாணமான வாரத்தில் சின்னனிடம் கேட்டாள்.

“ஏனுங்க, இன்னும்னு சொன்னதுக்கப்புறம் என்னுங்க வரும்?”

“சாப்பாடு வரும்” என்றான் சின்னன்.

அவள் அழைப்பில்லாத கல்யாணங்களுக்கும் போக ஆரம்பித்தாள். வேலை செய்கிற இடத்தில் தூரத்துக் குழாய்ச் சத்தம் காற்றில் வந்தால் எந்த ஊர், எந்தப் பள்ளம் என்று நின்று கேட்பாள். வேலை விட்டதும் அந்தத் திசையில் நடப்பாள். பந்தலில் அவள் தலை தெரிந்தால், “ராசாத்தி வந்துட்டா, பாட்டப் போடுங்க” என்று யாராவது கத்துவார்கள். அவள் சாப்பிட உட்கார மாட்டாள். தேவசிகாமணியின் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பாள்.

“எனக்கே மறந்துருச்சு கண்ணு” என்றார் அவர். “ஈயம் விழறதுக்கு முன்னாடி ஒருதரமோ ரெண்டுதரமோதான் போட்டிருப்பேன்.”

ஒருமுறை அவளுக்காக ஊசியை ஈயத்துக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார். கரகரவென்று ஓடி லேபிளில் ஏறியது.

சேலத்துக்கும் போய் வந்தாள். ரெக்கார்டு கடைகளில் அந்தப் படத்தின் பெயரைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார்கள். கேசட்டில் பதிந்து தருகிறவர்கள், மூல ரெக்கார்டு இருந்தால் கொண்டு வா என்றார்கள். பழைய சாமான் கடைகளில் தரையில் உட்கார்ந்து அடுக்குகளைப் புரட்டினாள். கிடைக்கவில்லை.

பிறகுதான் சிலோன் ஸ்டேஷன். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். கையெழுத்து திருத்தமாக இருக்கும். வாரம் ஒரு கார்டு எழுதினாள். சிலோனில் சொந்தக்காரர்களா என்று தபால்காரர் கேட்டார். ஆமாம் என்றாள். மழைக்காலத்தில் வேலை இல்லாத வாரங்களிலும் எழுதினாள். நேயர் விருப்பத்தில் மற்றவர்கள் கேட்ட பாட்டெல்லாம் வந்தது. அவள் கேட்டது வரவில்லை. இரண்டு வருஷம் போயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பாளர் அவள் பெயரைச் சொன்னார். விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார், இசைத்தட்டைத் தேடி எடுத்துவிட்டோம், அடுத்த ஞாயிறு ஒலிபரப்புவோம் என்றார்.

அந்த ஞாயிறு இது.

பெயர்களின் வரிசை தொடங்கியது. திருநெல்வேலி, மன்னார், பட்டுக்கோட்டை என்று போய், “ஏற்காடு, செம்மநத்தம், ராசாத்தி” என்று வந்தது. பெருமாள் எழுந்து நின்றுவிட்டார். ராசாத்தி திரும்பிப் பார்த்தாள். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. முதலில் ஒரு புல்லாங்குழல். தேவசிகாமணியின் ரெக்கார்டில் தொடக்கம் தேய்ந்து போனதால் அங்கே ஒரு குழல் இருந்ததே அவளுக்குத் தெரியாது. குரலும் வேறாக இருந்தது. குழாயில் கேட்டால் கத்துகிற மாதிரி இருக்கும். இங்கே அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பாடினாள். முதல் சரணம் போயிற்று. கடையில் ஒரு சத்தமில்லை.

இரண்டாவது சரணத்தில் கொண்டை ஊசி வளைவில் பஸ் உறுமியது.

ராசாத்தி நிமிர்ந்தாள். சந்தை பஸ். அது வரக்கூடாத நேரம். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகலாமா என்று பார்த்தாள். கம்பி இழுத்தது. பெட்டியின்மேல் காதை வைத்து அழுத்திக்கொண்டாள்.

பஸ் கடைக்கு எதிரே நின்றது. சின்னன்தான் முதலில் குதித்தான். தோளில் சந்தைப் பை. அந்த நேரத்தில் பாட்டுக்காரி, ‘இன்னும்’ என்றாள்.

“இன்னும்!” என்றான் சின்னன். பஸ் முழுவதும் “இன்னும்! இன்னும்!” என்றது. ஜன்னல் தகரத்தில் தட்டினார்கள். கண்டக்டர் விசில் அடித்தார். பெஞ்சில் இருந்தவர்களும் தட்டினார்கள். பெருமாளின் துண்டு கீழே விழுந்தது. ராசாத்தி தன் கைகளைப் பார்த்தாள். அவையும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன.

சத்தம் அடங்கியபோது குரல் அவள் இதுவரை கேட்டிராத ஓர் உயரத்தில் இருந்தது. சொல் முடிந்துபோயிருந்தது. நீளம் மட்டும் மிச்சம். பிறகு குழல், பிறகு அடுத்த நேயரின் பெயர்.

“கேட்டியா புள்ள?” என்றான் சின்னன். மூச்சு வாங்கியது. “உம் பாட்டு வருதுன்னு டிரைவரக் கெஞ்சி, எங்கயும் நிறுத்தாம கூட்டியாந்தேன். பாதிச் சாமானம் வாங்கவே இல்ல.”

பெருமாள் குனிந்து துண்டை எடுத்து உதறினார்.

“ஏன் எல்லாரும் எழவு ஊட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க?”

“வாய மூடிட்டு உக்காரு சின்னா” என்றார் லூர்துராஜ்.

சின்னன் அவளைப் பார்த்தான். ரேடியோவைப் பார்த்தான். பையை மெதுவாகக் கீழே வைத்தான். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அதுவரை அவன் கேட்காததைக் கேட்டான்.

“அதுக்கப்புறம் என்னதான் வந்துச்சு?”

“நீங்க வந்தீங்க” என்றாள் ராசாத்தி.

ரேடியோவை நிறுத்தினாள். சொன்னபடி அடுப்பைப் பற்ற வைத்தாள். ஈர விறகு. குனிந்து ஊதிக்கொண்டே பேசினாள்.

“நாளைக்கு ஆளுக்கொரு கார்டு போடணும். கத்துனவங்க எல்லாரும்.”

“எனக்கு எழுதத் தெரியாதே சாமி” என்றார் பெருமாள்.

“நான் எழுதறனுங்க மாமா. உங்க பேருல போகும்.”

“நான் கத்துலீங்க. விசில்தான் அடிச்சேன்” என்றார் கண்டக்டர்.

“விசிலுக்கும் ஒரு கார்டு.”

புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை அப்படியே நிற்கச் சொன்னாள். டிரைவரை எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். கடைசி வரிக்கு முன்னால் வரும் வரியைப் பாடினாள். அவள் குரல் பாடுகிற குரல் இல்லை, கொஞ்சம் தட்டை. ‘இன்னும்’ என்று சொல்லி நிறுத்தினாள்.

பாதிப் பேர் தட்டினார்கள்.

“திருப்பி” என்றாள்.

மறுபடியும் பாடினாள். பின்னால் நின்ற இரண்டு மூன்று பேர் தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். சின்னன் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

“இப்படியே நிக்க வெச்சா நொம்ப நேரமாயிருமுங்க” என்றார் டிரைவர்.

“ஆவட்டும். திருப்பி.”

பாடினாள். ‘இன்னும்’ வந்தது. ஒருவரும் தட்டவில்லை. பாய்லர் சீறத் தொடங்கும் சத்தம் கேட்டது. அந்த இடைவெளி பாட்டின் ஒரு வரி அளவுக்கு நீண்டது. பிறகு பெருமாள் இருமினார்.

மறுநாள் திங்கட்கிழமை. ராசாத்தி எஸ்டேட்டுக்குப் போய்க் காப்பிப் பழம் பறித்தாள். மத்தியானம் தபாலாபீஸுக்குப் போனாள். இருந்த கார்டுகள் போதவில்லை. மீதி புதன்கிழமை ஏற்காட்டிலிருந்து வரும் என்றார்கள். இருந்தவற்றைச் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். சின்னன் தன் கார்டைத் தானே எழுதினான். எழுத்துப் பெரிதாக இருந்ததால் விலாசத்துக்கு இடம் போதாமல் ஓரமாக மடக்கி எழுதினான். கார்டுகளைப் பெட்டியில் போட்டார்கள். பேட்டரி தீர்ந்துவிடும் என்று லூர்துராஜ் ரேடியோவைப் போடவில்லை. மூடுபனி சீக்கிரமே இறங்கியது. பஸ் வழக்கமான நேரத்துக்கு வந்தது.