அது ஸ்டெல்லா மேடத்தின் விதி அல்ல

ஞாயிற்றுக்கிழமை காலை. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோப்பில் தேங்காய் வெட்டு நடந்துகொண்டிருந்தது. பழைய மாணவி கௌசல்யா கூப்பிட்டாள். “சார், ஸ்டெல்லா மேடம் தவறிட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க” என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி இது: “யாரும்மா சொன்னா? கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் கீட்டீஸ் ஏதாச்சும் வந்திருக்கா?”

“இல்லீங்க சார். நான் மேடம் ஊட்ல இருந்துதானுங்க பேசறேன்” என்றாள். வேறு யாரிடமாவது அப்படிக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கௌசல்யாவிடம் போய் நோட்டீஸ் கேட்டேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டெல்லா மேடத்திடம் படித்த உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. முதலாண்டு மாணவர்களுக்கு ‘வணிக நிர்வாக அறிமுகம்’ என்ற பாடத்தை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பிரிவாகப் பல வருடம் நடத்தினோம். அவர் அந்தியூர்ப் பக்கம். பெற்றோர் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர். என்னைத் ‘தோட்டத்து சார்’ என்று கேலி செய்வார். “தோட்டத்து சாருக்கு இன்னைக்கு என்னங்க கோவம், தண்ணி பாயலையா?” என்பார். ஆசிரியர் அறை மொத்தமும் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

வருடத் தொடக்கத்தில் பாடத்திட்டத்தோடு விதிகளையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுப்போம். வருகைப்பதிவு எவ்வளவு வேண்டும், ஒப்படைப்பைத் தாமதமாகக் கொடுத்தால் எத்தனை மதிப்பெண் போகும், இன்டர்னல் தேர்வைத் தவறவிட்டால் என்ன வழி, எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு இன்டர்னலுக்கும் யாராவது ஒரு மாணவனின் பாட்டி செத்துப்போவார். ஒருவனுக்கு ஒரே வருடத்தில் மூன்று பாட்டிகள் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. “எழவு என்று சொல்லி மறுதேர்வு கேட்பவர்கள், மாணவர் பெயர் அச்சிட்ட கண்ணீர் அஞ்சலி நோட்டீஸையோ இறப்புச் சான்றிதழையோ மூன்று நாளுக்குள் கொடுக்கவேண்டும்” என்று என் கையாலேயே எழுதி மேடத்திடம் நீட்டினேன்.

படித்துவிட்டு நிமிர்ந்தார். “ஏனுங்க சார், நோட்டீஸ் அடிக்கறதெல்லாம் உங்க ஊட்லங்க. எங்க பக்கம் ஆளு போய்ச் சொல்லிட்டு வருவாங்க, அவ்வளவுதானுங்க.” நான் விடவில்லை. பொய் சொல்கிறவனை எப்படித்தான் பிடிப்பது என்று கேட்டேன். “சந்தையில மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாம். புள்ளைங்க துக்கத்தை அப்படிப் பாக்கக்கூடாதுங்க சார். நாலு பேரு ஏமாத்துனா ஏமாத்திப்போட்டுப் போகட்டும்” என்றார். அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் சரி என்றார். பாட ஒருங்கிணைப்பாளர் அவர் என்பதால் தாளின் அடியில் அவர் கையெழுத்துதான் இருந்தது.

அந்த வருடம் கௌசல்யா என் பிரிவில் இருந்தாள். அவளுடைய அப்பா இறந்த மறுநாள் இன்டர்னல். ஐந்தாம் நாள் வந்து நின்றாள். நோட்டீஸ் அடிக்கவில்லை, சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. பூஜ்ஜியம் போட்டேன். அதோடு விட்டேனா? “மேடத்தோட ரூலும்மா, நான் என்ன பண்றது?” என்றேன். அப்படித்தான் சொன்னேன், வாய் கூசாமல். அவள் நம்பினாளா என்று தெரியாது.

விஷயம் கேள்விப்பட்ட மேடம் அந்த வாரக் கடைசியில் இரண்டு பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமை என் மேசையில் ஒரு தாளை வைத்தார். “நேரில் போய்ப் பார்த்தேன். இவளுடைய தந்தை இறந்தது உண்மை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். விதியில் இதற்கு இடமில்லையே மேடம் என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போனார்.

மாணவர்கள் கொதித்துப்போய்ப் பிரின்சிபாலிடம் முறையிட்டார்கள். எங்கள் இருவரையும் கூப்பிட்டார். விதித்தாள் அவர் முன்னால் கிடந்தது. “யாருங்க இந்த ரூலைப் போட்டது? செத்ததுக்கு நோட்டீஸ் கேக்கறதா? மேடம், நீங்களா இப்படி?” என்றார். மேடம் என் பக்கம் திரும்பினார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வருடம் துறைத்தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது, வேறொன்றும் இல்லை. “எங்க பாடத்தோட ரூலுங்க சார். கையெழுத்து என்னோடதுதானுங்க” என்றார் மேடம். கௌசல்யாவுக்கு மறுதேர்வு கிடைத்தது. மேடத்திடமிருந்து அந்தப் பாடம் பறிக்கப்பட்டது. வெளியே வந்ததும், “ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க சார்” என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. என்னைத் தோட்டத்து சார் என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்.

அடுத்த வருடம் அந்த விதியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். “மேடம் போனாங்க, ரூலும் போச்சு” என்று பேசிக்கொண்டார்கள். என் காதுபடவே பேசினார்கள். துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. பழைய மாணவர் ஒருவர் ‘ஸ்டெல்லா மேடம் ரூலை’ப் பற்றிச் சொன்னபோது சபை சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்து நான் பேசப் போனேன். “கண்டிப்பானவர், ஆனால் நல்லவர்” என்றேன். அந்த ‘ஆனால்’ இருக்கிறதே, அதைவிடக் கேவலமான வார்த்தையை நான் வாழ்நாளில் உச்சரித்ததில்லை. அன்றைக்கும் உண்மையைச் சொல்லவில்லை.

நேற்று முதலாண்டு மாணவி ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். அம்மா போய்ப் பத்து நாளாம், இன்டர்னல் எழுதவில்லை. நான் கேட்பதற்கு முன்னாலேயே, “நோட்டீஸ் அடிக்கலீங்க சார், போட்டோ இருக்குதுங்க” என்று செல்போனை நீட்டினாள். அதை எதற்கு எடுத்தாய் என்றேன். “ஸ்டெல்லா மேடம் ரூல் ஒண்ணு இருந்துதுன்னு சீனியர் அக்கா சொன்னாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு அன்னைக்கே எடுத்து வச்சனுங்க சார்.”

அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் நின்று, என் விதியை நினைத்து, ஒரு பெண் போட்டோ எடுத்திருக்கிறாள். “அது மேடத்தோட ரூல் இல்ல கண்ணு. நான் எழுதினது. மேடம் வேண்டாம்னுதான் சொன்னாங்க” என்றேன். ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு ஆறு வருடமும் ஒரு சாவும் வேண்டியிருந்தது. மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். இதைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் அதையேதான் சொல்கிறேன்: அந்த விதி என்னுடையது. இத்தனை வருடம் ஆள் மாற்றித் திட்டிவிட்டீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு யார் விதி என்பதெல்லாம் பெரிதாகப் படவில்லை. நீட்டிய கையை இன்னும் மடக்காமல் கேட்டாள்.

“அப்ப இதை அழிச்சுப்போடட்டுங்களா சார்?”