பிளாஸ்கில் போன பச்சைச் சாறு

ஆஸ்பத்திரியை விட்டு நடந்து வந்துகொண்டிருந்தேன். பஸ் எடுக்க மனம் வரவில்லை. ஒரு சந்தியில் கம்பத்தின் மேலிருந்து ஒரு குருவி விடாமல் கத்தியது. நிமிர்ந்து பார்த்தால் குருவி இல்லை. கண் தெரியாதவர்கள் வீதியைக் கடப்பதற்காக சிக்னல் போடுகிற சத்தம். பனி குவிந்த தெருவில், ஒரு இலைகூட இல்லாத மரங்களுக்கு நடுவே, ரொறன்ரோ ஒரு பெட்டியைக் குருவிபோலக் கத்த வைத்திருக்கிறது. சிக்னல் விழுந்தும் கடக்காமல் நின்றேன். பின்னால், ஏழாம் மாடியில், என் அக்காவின் மகள் ஷெரின் படுத்திருந்தாள். இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லி அக்கா என்னை அனுப்பியிருந்தாள்.

நான் எட்டாம் வகுப்போடு யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையை விட்டவன். பாங்கொக், மொஸ்கோ, மிலான் என்று போன இடமெல்லாம் கோப்பை கழுவினேன், பெட்டி தூக்கினேன், அலுத்ததும் கிளம்பினேன். ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில், அக்கா வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்ரில் குளிர் முடியும்வரை இருப்போம் என்றுதான் கனடாவுக்கு வந்தேன். வந்த சில நாட்களில் ஷெரினுக்கு இரத்தப் புற்றுநோய் என்றார்கள். யூனிவர்சிற்றியில் முதலாம் வருடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அக்கா வேலையை விட்டாள். அத்தான் இரட்டை வேலைக்குப் போனார். சமையலும் துவையலும் என்னிடம் வந்தன.

ஊரில் ஒருவர் வருத்தமாகப் படுத்தால் சொந்தம் முழுக்க ஆஸ்பத்திரி விறாந்தைக்கு வந்துவிடும். ஒருவர் கஞ்சி கொண்டுவருவார், ஒருவர் கால் பிடித்துவிடுவார், ஒருவர் சும்மா நின்று அழுவார். எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கும். இங்கே இரண்டு பேருக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். பூ கூடாது. துடைப்பதும் திருப்புவதும் நேர்ஸ். டொக்டர் ஷெரினைப் பார்த்துத்தான் பேசுவார், பெற்றவளைப் பார்த்துச் சிரிப்பார். குறை சொல்லவில்லை, நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அக்காவுக்குச் செய்ய ஒன்றுமே மிச்சமில்லை. கதிரையில் உட்கார்ந்து செபமாலை உருட்டுவாள். அந்தக் கைகள் அதற்குமேல் எதையோ தேடிக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான் மாதா கோயிலில் ஒரு அன்ரி சொன்னார்: "என்ர தம்பிக்கு ஊரில டெங்கு வந்து இரத்தத்தில பிளேட்லட் விழுந்தது. பப்பாளி இலையை அரைச்சுக் குடுத்தவை. இரண்டு நாளில ஏறீட்டுது." ஷெரினுக்கும் பிளேட்லட் விழுந்துதான் இருந்தது. டெங்குக்கும் புற்றுநோய்க்கும் நடுவில் இருந்த கடலை அக்கா அந்த ஒரு சொல்லில் தாண்டிவிட்டாள். தமிழ்க் கடையில் இலை வாங்கினாள். விடிய எழும்பி அரைத்தாள், வடித்தாள், சூப் என்று சொல்லி பிளாஸ்கில் கொண்டுபோனாள். மாதக்கணக்கில் குனிந்தே இருந்த அவள் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

ஷெரின் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். "மாமா, புல்லு வெட்டுற லோன் மோவரை நக்கின மாதிரி இருக்கு," என்பாள் எனக்கு மட்டும் கேட்க.

பிறகு அவளுடைய கண் மஞ்சளித்தது. ஈரல் வீங்குகிறது, காரணம் பிடிபடவில்லை, அது இறங்கும்வரை அடுத்த கீமோ தர முடியாது என்றார் டொக்டர். தள்ளிப்போகப்போக நோய் திரும்ப எழும்பும் என்றும் சொன்னார். வேறு மருந்து ஏதும் குடிக்கிறீர்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். "நோ, நோ. ஒன்லி ஃபூட்," என்றாள் அக்கா. அவள் பொய் சொல்லவில்லை. இலை அவளுக்குச் சாப்பாடுதான். ஆனால் எல்லாம் விளங்கிய ஷெரினும் இல்லை என்று தலையாட்டினாள்.

அக்கா வெளியே போன நேரம் கேட்டேன். "ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"அது எனக்கு மெடிசின் இல்லை மாமா, ஐ நோ. அம்மாக்குத்தான் மெடிசின். நான் குடிச்சு முடிச்சாப் பிறகு அவவின்ர முகத்தைப் பாருங்கோ. நீங்களும் சொல்லாதேங்கோ, ப்ளீஸ்."

ஒரு பகல் முழுக்க யோசித்தேன். அடுத்த நாள் அக்காவின் சமையலறையிலிருந்து ஒரு இலையை ஜக்கெற்றுக்குள் வைத்துக் கொண்டுபோய் நேர்ஸின் மேசையில் வைத்தேன். அவள் சிரித்து, மிக அழகு, ஆனால் இந்த வார்ட்டுக்குள் செடிகொடி கொண்டுவரக் கூடாது என்றாள். என் இங்கிலிஷ் அதற்குமேல் போகாது. கையால் அரைத்துக் காட்டினேன். குடித்துக் காட்டினேன். ஷெரினின் அறையைக் காட்டினேன். அவளுடைய சிரிப்பு நின்றது. ரெலிபோனை எடுத்தாள்.

இலைதான் காரணமா என்று அவர்களாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. இருக்கலாம், உடனே நிறுத்துங்கள் என்றார் டொக்டர். அக்காவைக் கடிந்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கடிந்திருந்தால் அவளுக்குச் சண்டை பிடிக்கவாவது ஆள் இருந்திருக்கும். வெறும் பிளாஸ்கை மடியில் வைத்தபடி என்னிடம் திரும்பினாள்.

"நான் என்ர பிள்ளைக்கு நஞ்சே குடுத்தனான்? வெள்ளைக்காரருக்கு முன்னால என்னைக் கொலைகாரி ஆக்கிப்போட்டாய். ஊர் ஊரா ஓடித் திரிஞ்ச உனக்குப் பெத்த வயித்தைப்பற்றி என்னடா தெரியும்? போ. இனி இந்தப் பக்கம் வராதை."

ஷெரின் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்: "அம்மாக்கு இனி என்ன மாமா இருக்கு?"

அந்தக் கேள்வியோடுதான் அந்தக் குருவிச் சந்திவரை நடந்திருந்தேன். இப்படி ஒரு வாசல் மூடினால் அடுத்த ஊருக்குக் கிளம்புவதுதான் என் வழக்கம். வன்கூவரில் ஒரு சிநேகிதன் இருக்கிறான், வா என்று எப்போதும் கூப்பிடுவான். அவனுக்கு ரெலிபோன் அடிக்கவில்லை. அதே நகரத்தில், வெக்ஸ்போர்ட்டில், தெரிந்த ஒரு அண்ணையின் வீட்டில் படுத்தேன். காலையில் அவரை வேலைக்குக் கொண்டுபோகிற ஏஜென்சி வான் வண்டியில் நானும் ஏறினேன்.

வண்டி இறக்கிவிட்ட இடம் நகரத்து ஆஸ்பத்திரிகளின் துணி துவைக்கும் தொழிற்சாலை. நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். இந்தப் பக்கம் அழுக்குத் துணி, அந்தப் பக்கம் துவைத்தது. புதியவர்களுக்கு அழுக்குப் பக்கம். இங்கே நிற்பவர் அங்கே போகக் கூடாது. எவ்வளவு காலம் நிற்பாய் என்று சூப்பர்வைசர் கேட்டான். எந்த நாட்டிலும் நான் இதற்கு நேரான பதில் சொன்னதில்லை. "லோங்," என்றேன். கையுறை தந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை மடித்து வண்டிகளில் ஏற்றினார்கள். எந்த வண்டி ஷெரினின் ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று இந்தப் பக்கம் நிற்பவர்களுக்குச் சொல்வதில்லை.