தராசுத் தட்டு ஆடிய காலை

மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்துக்காம்பராவில் நான் டிஸ்பென்சராக இருந்த காலம். தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாக வயிற்றுப்போக்கு பரவி, ஒரு வாரமாக எனக்குச் சரியான தூக்கமில்லை. ஒருநாள் காலை பத்து மணியிருக்கும், மேசையில் உட்கார்ந்து சின்னத் தராசில் காய்ச்சலுக்கான கொயினா நிறுத்துக்கொண்டிருந்தேன். தட்டுகள் இரண்டும் படபடவென்று நடுங்கின. சில நொடிகள் கழித்து அவை பெரிதாக, மெதுவாக ஆடத் தொடங்கின. கூரையில் தொங்கிய விளக்கும் கூடவே ஆடியது.

பூமி அதிர்ச்சி என்று அப்போதே தெரிந்துவிட்டது. பதுளைக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த பழைய பத்திரிகைத் தாளில் படித்திருந்தேன். எங்கோ ஆழத்தில் நெடுங்காலம் நெருக்குண்டு கிடக்கும் பாறை ஒருநாள் தாங்காமல் வழுக்குகிறது. அந்த அசைவு நிலத்துக்குள் அலையலையாக ஓடிவருகிறது. வேகமான சிறு நடுக்கம் முந்திக்கொள்ளும். பெரிய ஆட்டம் பிந்தி வரும்.

மத்தியானம் கங்காணி வந்து கூப்பிட்டார். கடைசி லயத்தில் பிள்ளை பெற்று ஆறு நாளான ஒருத்தி, குழந்தையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள போக மாட்டேங்க. படுத்திருக்கேன், சொவரு அசையுது" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். மண்மேட்டை ஒட்டிய பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை விரல் நுழையும் வெடிப்பு.

"மலையில கொழுந்து எடுத்த ஒருத்திக்கும் தெரியலைங்க. இவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? புள்ளப்பெத்த மயக்கம்" என்றார் கங்காணி.

சரிவில் ஏறி இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு லேசான அதிர்ச்சி தெரியாது. தரையில் முதுகு பதித்துக் கிடப்பவளுக்குத் தெரியும். இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பங்களாவுக்கு ஏறி, தொரையிடம் மன்றாடி, லயத்தைக் காலி செய்து, அத்தனை பேருக்கும் இடம் தேட வேண்டும். எல்லாம் என் தலையில்தான் விழும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அலுப்பாக இருந்தது. வேறு காரணமே இல்லை.

"ரோட்டுல பாறைக்கு வெடி வச்சிருப்பாங்கம்மா. பச்சப்புள்ளய குளுருல வச்சிக்கிட்டு இருக்காத, உள்ள போ" என்றேன்.

வெடிக்கு முன்னால் எச்சரிக்கையாகத் தகரம் தட்டுவார்கள். அன்று யாரும் தட்டவில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் நான் படித்தவனாயிற்றே.

"ஐயா சொன்னா சரிங்க" என்று எழுந்து போனாள்.

மூன்றாம் நாள் பகலில் பலத்த மழை. அவள் மலையூற்றுப் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மண்மேடு சரிந்து, பின்சுவர் அப்படியே உள்ளே விழுந்தது. குழந்தை உள்ளேதான் தூங்கிக்கொண்டிருந்தது. என்ன காரணம் என்று தொரை கேட்டார். மழை என்று எழுதிக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து அவள் மருந்துக்காம்பராவுக்கு வந்தாள்.

"பால் கட்டிக்கிட்டு உசுரு போகுதுங்க ஐயா. மல்லியப்பூ வச்சுக் கட்டச் சொல்றாங்க. இந்தக் குளுருல மல்லிக்கு எங்க போறது?"

பற்றுப்போட மருந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு வெடிதானுங்களே?"

இன்னொரு தடவை பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லம்மா. பூமிதான் ஆடுச்சு. நானும் பாத்தேன்."

மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா வாசல்லயே கெடந்திருப்போமுங்க" என்றாள். "குளுரு தானுங்களே."