குளத்தங்கரைக் குழாயில் அடைபட்ட காற்று

எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எங்கள் தெருக் குழாயில் ஒரு சொட்டு இல்லை. இந்த அதிசயத்தைக் காணும் பாக்கியம், கங்கைகொண்டான் தொழிற்சாலையிலிருந்து கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவு போட்டு வந்த எனக்குக் கிடைத்தது.

அம்மாவுக்கு அது அதிசயமாகப் படவில்லை. அக்காவின் மாமியார் வீட்டார், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கொடைக்கு வருகிறார்கள். எங்களுடையதோ தெருவின் கடைசி வீடு.

"கை கழுவத் தண்ணி இல்லாத வீட்லயா பொண்ணு எடுத்தோம்னு அந்தம்மா சொல்லிக் காட்டுவாவல," என்றாள் காலிக் குடங்களைப் பார்த்தபடி.

கொடைக் கமிட்டி கூடி, பெரிய மோட்டார் வாங்குவது என்று ஏகமனதாக முடிவெடுத்திருந்தது. மோட்டாரின் வேலை தொட்டியை நிரப்புவது. தொட்டி ஏற்கெனவே வழிகிறது. இந்த அற்ப விஷயம் தீர்மானத்துக்குக் குறுக்கே வரவில்லை.

தொட்டிக் குழாய் குளத்தங்கரை மேல் ஏறி இறங்கித்தான் எங்கள் தெருவுக்கு வரும். போய்ப் பார்த்தேன். கரை மேட்டில், குழாயின் உச்சியில் ஒரு ஏர் வால்வு உண்டு. பழையது, கொஞ்சம் ஒழுகும், ஆடுகள் நக்கிக் குடிக்கும். இப்போது அதைச் சைக்கிள் ட்யூபால் இறுகச் சுற்றி, சாக்கு கட்டி, சிமெண்டு பூசி, சிமெண்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

"தண்ணி வீணாப் போவுதுல்லா. கொடைக்கு முன்னால அடைச்சிட்டோம்," என்றார் கமிட்டித் தலைவர், பெருமையாக.

"அண்ணாச்சி, அது காத்து வெளியேறுத வழி. தண்ணிய நிறுத்துனா குழாய்க்குள்ள காத்து நெறஞ்சிரும். திரும்பத் தொறக்கும்போது அது மேட்டுல மாட்டிக்கிடுது."

"ஏலே, இரும்புக் குழாயையே உடைக்குத தண்ணி, காத்தைத் தள்ளாதா?"

கூட்டம் சிரித்தது.

"தொட்டி உயரம் குடுக்குத பலம் அவ்வளவுதான். மேடு ஏறவே பாதி போயிருது. அந்தப் பக்கம் இறங்குத குழாய்ல தண்ணி நெறஞ்சிருந்தா, அதோட கனமே மிச்சத்த இழுத்துட்டு வரும். இப்ப அங்கன காத்துல்லா நிக்கி."

"படிக்க வச்சா இதான் வே," என்றார் ஒருவர். குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இந்தப் பாராட்டு எனக்குப் பழக்கம்தான்.

வால்வைத் திறந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் மோட்டாருக்கு நானே அலைகிறேன் என்றதும் சம்மதித்தார்கள். சிமெண்டை உடைத்து ட்யூபை அறுத்தேன். உஸ்ஸென்று காற்று சீறியது. ஆடுகள் ஓடின. கமிட்டியும் கொஞ்சம் பின்வாங்கியது.

தெருக் குழாய் இருமியது, துப்பியது, பிறகு பால் நிறத்தில் கொட்டியது. "மருந்தைக் கூடப் போட்டுட்டானுவ," என்று உடனே ஒரு நிபுணர் கண்டுபிடித்தார். அம்மா ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பைய வைத்துவிட்டுப் பார்த்தாள். காற்றுக் குமிழிகள் மேலேற, அடியிலிருந்து மேலாகத் தெளிந்தது. குடங்களை வரிசையில் வைத்தாள்.

தலைவர் மட்டும் ஒழுகும் வால்வையே பார்த்துக்கொண்டு நின்றார். "வந்தாச்சுல்லா. இனி அடைச்சிரலாமா?"

முதலிலிருந்து விளக்கினேன். "அப்போ யாரும் அடைக்காம நீயே காவல் இரி," என்றார்.

கொடையன்று ஊரே வில்லுப்பாட்டு கேட்டது. நான் வால்வுக்குக் காவல் இருந்தேன். மத்தியானம் அக்காவைக் கட்டிய அத்தான் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார்.

"சாமிக்குக் கூட இம்புட்டுக் காவல் இல்ல மாப்ள," என்றார்.

"அத்தை என்ன சொன்னாவ?"

"எங்கம்மையா? கை கழுவுனா, ரெண்டு தடவ குளிச்சா. இப்ப சேலை அலசுதா. சாம்பாருல உப்பு கூடன்னு சொல்லுதா."